காப்பீடு இல்லாத உறவினரின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவது எப்படி?

என் சித்தப்பா ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தபோது, மருத்துவமனை பில் எவ்வளவோ அதையே இலக்காக வைத்துப் பணம் திரட்டினோம். பத்து நாளில் சேர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்தோம். அடுத்த மாதமே கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பிசியோதெரபி, வாக்கர், போய்வர வண்டி, வேலையில்லாத மாதங்களின் வீட்டு வாடகை, இவை எதையுமே நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ஒருமுறை கொடுத்தவர்களிடமே திரும்பப் போய்க் கேட்பது பெரிய சங்கடம். அந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்கத்தான் இது.

படி 1: அடிபட்டவரிடம் கேளுங்கள்

அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. எந்தப் படம் போடலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் படத்தை விட அவர் சிரித்துக்கொண்டிருக்கும் பழைய படமே மேல் என்பது என் கருத்து.

படி 2: முதலில் பில்லைக் குறையுங்கள்

மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை அப்படியே ஏற்காதீர்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். ஒரே பரிசோதனை இரண்டு தடவை ஏறியிருக்கலாம். திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்படாமல் இருக்கலாம். அப்புறம் சலுகை உண்டா, தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் இதற்கென்றே சமூகப் பணியாளர் இருப்பார்.

இன்னொன்று. அவருக்குக் காப்பீடு இல்லை என்பதால் யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. சாலை விபத்தென்றால் மோதிய வண்டியின் காப்பீட்டிலும், வேலையிடத்தில் நடந்திருந்தால் முதலாளி தரப்பிலும் இழப்பீடு கேட்க வழியிருக்கலாம். ‘எல்லாம் தீர்ந்தது’ என்று யாராவது தாள் நீட்டினால், ஒரு வழக்கறிஞர் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 3: குணமாகும் காலத்துக்குக் கணக்குப் போடுங்கள்

நாங்கள் கோட்டை விட்ட இடம் இது. மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது? பிசியோதெரபி வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மாதம்? எப்போது வேலைக்குத் திரும்பலாம்? தொடை எலும்பு சேரவே பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். படுத்தே கிடந்தால் தசை மெலிந்துவிடும்; அதனால் பிசியோதெரபியை வேண்டாத செலவாக நினைத்து வெட்டாதீர்கள்.

இப்போது ஒரு நோட்டை எடுங்கள். வாரம் 3 முறை, 4 மாதம் என்றால் ஏறக்குறைய 50 தடவை. ஒரு தடவைக்கான கட்டணத்தை 50ஆல் பெருக்குங்கள். போய்வர ஆகும் வண்டிக் கூலியையும் 50ஆல் பெருக்குங்கள். எங்களைத் திகைக்க வைத்தது அந்த இரண்டாவது எண்தான். அதோடு மருந்து, மறுபரிசோதனை, எக்ஸ்ரே, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் சம்பளம், அடிபட்டவர் இழக்கும் வருமானம். இணையத்தில் பக்கம் தொடங்கிப் பணம் திரட்ட உதவும் கோஃபண்ட்மீ மாதிரி தளங்களில் ஒவ்வொரு நன்கொடையிலும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள், அதையும் சேருங்கள்.

படி 4: பணம் யார் கணக்குக்கு வரும்?

முடிந்தால் நேராக அவர் கணக்குக்கே வரட்டும். ஆனால் வருமானத்தைப் பார்த்துத் தரும் அரசு உதவி எதையாவது அவர் பெறுகிறார் என்றால், இந்தப் பணத்தால் அது நின்றுபோகுமா என்று முன்பே விசாரியுங்கள். அவர் இருக்கும் நாட்டு வங்கிக் கணக்குக்குத் தளம் பணம் அனுப்புமா என்பதையும் பாருங்கள். வசூலை ஒருவர் பார்க்கட்டும், வரவு செலவை வேறொருவர் எழுதட்டும்.

படி 5: வேண்டுகோளை எழுதுங்கள்

இப்படி:

“என் சித்தப்பாவுக்கு வயது 54. எலக்ட்ரீஷியன், சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவர். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இனி 4 மாதம் பிசியோதெரபி. அதுவரை வருமானம் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. குடும்பத்தில் நாங்கள் போட்டது போக, இன்னும் தேவைப்படுவதைக் கீழே பிரித்துக் கொடுத்திருக்கிறோம்.”

அவ்வளவு போதும். கண்ணீர் வரவழைக்க முயல வேண்டாம். பில்லின் படத்தைப் போடும்போது முகவரி, பிறந்த தேதி, நோயாளி எண் மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

படி 6: குழுவில் போடுவதற்கு முன் போனை எடுங்கள்

குடும்பக் குழுவில் ஒரு இணைப்பைப் போட்டால், மற்றவர்கள் கொடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். நெருக்கமான பத்துப் பேரிடம் முதலில் பேசுங்கள். அவர்கள் கொடுத்த பிறகு பொதுவில் பகிருங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட எல்லோருக்கும் தயக்கம். பணம் தர முடியாதவரிடம், “செவ்வாய்க்கிழமை காரில் கூட்டிப் போக முடியுமா?” என்று கேட்கலாம். எங்களுக்கு ஒரு சக்கர நாற்காலி அப்படித்தான் இரவலாகக் கிடைத்தது.

படி 7: வாரம் ஒரு தகவல்

“இன்று வாக்கர் பிடித்து ஆறு அடி நடந்தார்” என்று இரண்டு வரி, கூடவே அந்த வாரச் செலவு. பக்கம் பிரபலமானால், “கட்டணம் கொடுங்கள், பெரிய தொகை சேர்த்துத் தருகிறோம்” என்று முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள். பதில் போடாதீர்கள். உங்கள் படத்தை வைத்துப் போலிப் பக்கம் வந்தால் உடனே தளத்துக்குப் புகார் செய்யுங்கள்.

பணம் மீந்தால் என்ன செய்வீர்கள் என்பதை முதல் நாளே பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிற்பாடு எழுதினால், கேட்காதவர்களும் கேட்க ஆரம்பிப்பார்கள்.