எச்ஐவி என்று சொன்னதும் நிராகரிக்கப்பட்ட காப்பீடு: என் அனுபவம்

டெர்ம் இன்ஷூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) விண்ணப்பத்தில் எச்ஐவி இருப்பதையும், அதைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை எடுப்பதையும் எழுதியிருந்தேன். "மருத்துவக் காரணங்களால் ஏற்க இயலவில்லை" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை அனுப்பியும் பதில் மாறவில்லை. வாடிக்கையாளர் சேவையில் அதே வரியைத்தான் படித்தார்கள். ஏஜென்ட், மறைத்துவிட்டு வேறு நிறுவனத்தில் போடலாம் என்றார். அது ஆபத்து. உண்மையை மறைத்ததாகச் சொல்லிப் பின்னால் குடும்பத்துக்குப் பணமே தராமல் போகலாம்.

வழி கிடைத்தது 2017ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டத்தில். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு காப்பீட்டில் பாகுபாட்டைத் தடுக்கிறது. பலர் கவனிக்காத இடம் அதிலுள்ள விதிவிலக்கு: ஆக்சுவரி ஆய்வின் (புள்ளிவிவரங்களை வைத்துக் காப்பீட்டு அபாயத்தைக் கணக்கிடும் ஆய்வின்) ஆதாரம் இருந்தால் மட்டுமே நிறுவனம் மறுக்கலாம். அப்புறம் நான் நியாயம் கேட்டு வாதாடவில்லை, "எந்த ஆய்வின் அடிப்படையில் மறுத்தீர்கள்? எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். மழுப்பலாகப் பதில் வந்ததும், அந்தக் கடிதப் போக்குவரத்தை இணைத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்தில் புகார் பதிந்தேன்.

நிறுவனம் என் விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்கு எடுத்தது; கூடுதல் பிரீமியத்துடன் பாலிசி கொடுத்துவிட்டார்கள். பெரிய நிம்மதி. கூடுதல் தொகைக்கான கணக்கையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.