ஹாலுக்குக் குறுக்கே ஒரு மடக்குச் சுவர்: நாமே செய்துகொள்ளும் முறை

விசேஷத்துக்கு வந்த கூட்டம் ராத்திரி தங்கிவிட்டால், ஹாலுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் புடவையைத் தொங்கவிட்டு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள் என்று பாய் விரித்தது பலருக்கு நினைவிருக்கும். இங்கே சொல்லப்போவதும் அதே வேலைதான். கயிற்றுக்குப் பதில் அலுமினியச் சேனல் (ரோலர் உள்ளே ஓடும் நீளப் பள்ளம்), புடவைக்குப் பதில் நாலு பலகை. பகலில் முழு ஹால், ராத்திரி படிக்கிற பிள்ளைக்கு ஒரு மூலை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இது பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. பெரிய மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் இருக்கும் நகரும் சுவர்களில் ஒரு கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால் மேலும் கீழும் ரப்பர் பட்டை வெளியே வந்து தரையையும் கூரையையும் அழுத்தி அடைத்துக்கொள்ளும், அதனால்தான் அந்தப் பக்கத்து மைக் இந்தப் பக்கம் அவ்வளவாகக் கேட்பதில்லை. நம் பலகைக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருக்கும். டிவி சீரியல் தாராளமாகக் கேட்கும்.

முதலில் மேலே பாருங்கள்

சுவர் வரப்போகிற இடத்துக்கு மேலே கான்கிரீட் பீம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பீம் இல்லையென்றால் சிலாபில் அடிக்கலாம், ஆனால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போகும் ஒயர் பைப் அதற்குள்தான் ஓடும், எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் துளை போடாதீர்கள். ஃபால்ஸ் சீலிங்கில் மட்டும் மாட்டவே கூடாது, ஜிப்சம் போர்டு இந்த எடையைத் தாங்காது. அப்புறம் பக்கச் சுவரையும் ஒரு தடவை பாருங்கள். மடித்த பலகைகள் வந்து நிற்கும் இடத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் தினமும் கையை உள்ளே நுழைத்துத் தடவ வேண்டியிருக்கும்.

தரையில் ரயில் பதித்து அதன்மேல் ஓடவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். மூன்றே மாதத்தில் தலைமுடியும் மண்ணும் அடைத்து ரோலர் நின்றுபோனது, வீட்டில் எல்லோரும் ஒரு முறையாவது கால் விரலை இடித்துக்கொண்டார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் ஷ்ரோடர் அம்மையாருக்குக் கட்டிய வீட்டின் மாடியில் நகரும் தடுப்புகளைத் தள்ளினால் தனித்தனி அறைகள் முழுக்க ஒரே கூடமாகிவிடும். அது வேறு வீடு, வேறு கைவேலை. நமக்கு மேலே சேனல், கீழே இரண்டு மூலையில் மட்டும் பிவட் (பலகை நின்று திரும்பும் முளை), அது போதும்.

அளவு: இங்கேதான் நிதானம் வேண்டும்

உங்கள் ஹால் அகலம் 10 அடி, அதாவது 120 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் இரண்டு பலகை, வலப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு ஜோடியும் கீலால் இணைந்து தன் பக்கச் சுவரோரம் மடியும். இடைவெளியை நூல் கணக்கில் விடுங்கள் (8 நூல் ஒரு அங்குலம், தெரியாதவர்களுக்காக). இரண்டு சுவரோரமும் தலா 2 நூல், கீல் வரும் இரண்டு இடத்திலும் தலா 1 நூல், நடுவில் ஜோடிகள் சந்திக்கும் இடத்தில் 2 நூல். மொத்தம் 8 நூல். மீதி 119 அங்குலத்தை நாலால் வகுத்தால் ஒரு பலகை 29 அங்குலம் 6 நூல்.

உயரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு மரத்தை வெட்டியவன் நான், அதனால் சொல்கிறேன்: இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் அளங்கள். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையில் கொஞ்சம் வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. 94 அங்குலம் 6 நூல், 94-4, 94-2 என்று வந்தால் 94-2தான் உங்கள் கணக்கு. அதில் சேனலுக்கும் ரோலருக்கும் 2 அங்குலம் (நீங்கள் வாங்கிய செட்டின் தாளில் இருக்கும் அளவைப் போடுங்கள்), அடியில் 4 நூல் கழித்தால் 91 அங்குலம் 6 நூல்.

பலகை செய்வது

18 மி.மீ. பிளைவுட்டை அப்படியே வெட்டினால் ஒரு பலகை சுமார் 20 கிலோ வரும். 2க்கு 1 அங்குல ரீப்பரில் (மெல்லிய மரக்கட்டையில்) சட்டம் அடித்து இரண்டு பக்கமும் 4 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் ஏறக்குறைய 15 கிலோதான். கீல், ரோலர், பிவட், கைப்பிடி வரும் இடங்களில் உள்ளே கட்டையை நிரப்ப மறக்காதீர்கள், இல்லையென்றால் ஸ்க்ரூ வெறும் காற்றைத்தான் பிடிக்கும். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவு என்றால் சட்டம் கோணாமல் மூலை நேராக இருக்கிறது. மைக்கா ஒட்டுவதானால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில் மாதிரி வளையும்.

கீல் எந்தப் பக்கம்? ரொம்பப் பேர் தடுமாறும் இடம் இது. இரண்டு காலித் தீப்பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் முகத்தில் மட்டும் செலோடேப் ஒட்டி மடித்துப் பாருங்கள். டேப் ஒட்டிய முகங்கள் ஒன்றோடொன்று சேரும், மடிப்பு எதிர்ப்பக்கம் புடைக்கும். ஆகவே மடிப்பு எந்தப் பக்கம் புடைத்து வரவேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் கீல். ஜோடிக்கு மூன்று கீல். மடித்தபின் பலகை 30 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் சோபாவைப் போடாதீர்கள்.

சேனல், பிறகு மாட்டுவது

மட்டக்குழாய் (தண்ணீர் நிரப்பிய டியூப்) பிடித்து இரண்டு முனையிலும் புள்ளி வைத்து, சாக்பீஸ் தூள் தடவிய நூலை நடுவே இழுத்துக் கோடு அடியுங்கள். பீமின் அடிப்பக்கம் மட்டமாக இல்லையென்றால் இடைவெளியில் தகடு கொடுத்துச் சேனலை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு அடி நீளத்துக்கும் ஒரு ஆங்கர் போல்ட் (கான்கிரீட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்). ட்ரில் கம்பியில் முட்டினால் முக்கித் தள்ளாமல் ஒரு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள், பீம் கம்பியை வெட்டக் கூடாது. காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு ட்ரில் பிட்டில் மாட்டிக்கொண்டால் தூசி முக்கால்வாசி அதிலேயே விழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சேனலின் சுவரோர முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் புள்ளிக்கு நேராகக் கீழ் பிவட்டைப் பதியுங்கள். சுவரோரப் பலகையின் எடை அதன்மேல் நிற்கும், அடுத்த பலகையின் முனை மேலே ரோலரில் ஓடும். மாட்டும்போது இன்னொரு ஆள் வேண்டும், தனியாக முயல வேண்டாம். மாட்டியபின் நடு இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரிந்தால் பிவட் திருகை ஸ்பேனரால் அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.

ஃபேன் காற்றில் பலகை ஆடும். நடுப் பலகை ஒன்றில் சின்னத் தாழ்ப்பாள் வைத்து, டைல்ஸ் இணைப்பில் அதற்கொரு துளை. ஐப்பசி மழையில் மரம் ஊதி நடுவில் உரசினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள், தை பிறக்கும்வரை பொறுங்கள். அப்போதும் உரசினால் ஒரு நூல் சீவலாம்.