ராஜபாளையம் நாயை ஈத்து எடுத்து ஷோவில் நிறுத்த ஆசையா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று பார்த்துக் குட்டி வாங்க ஓடாதீர்கள். இந்த இனத்தில் முதலில் பார்க்க வேண்டியது காது கேட்கிறதா என்பதைத்தான்.

காரணம் எளிது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற அதே வகைச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும், அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பு முனைகள் செத்துப்போகும். முழு வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் என்பதால் ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது சகஜம். குட்டிகளுக்கு ஐந்து, ஆறு வாரம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து வந்து, அது உங்களைப் பார்க்காத நேரத்தில் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். கூட்டமாக வைத்துச் சோதித்தாலும் பயனில்லை, கேட்காத குட்டி கேட்கிற குட்டியைப் பார்த்து ஓடும். அப்புறம், ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அது வீட்டு நாயாக நன்றாகவே வாழும், ஆனால் குறையை அடுத்த ஈத்துக்குக் கடத்தக்கூடும். பேயர் என்ற கேட்டல் பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டும். அந்த வசதி எங்கே இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், தூரம் என்றாலும் இணை சேர்க்கப்போகிற நாய்க்குச் செய்துவிடுவது நல்லது.

புள்ளியோ நிறமோ உள்ள குட்டி பிறந்தால் ஒழித்துவிடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தயவுசெய்து அதைத் தொடராதீர்கள். ஷோவில் நிற்காது, அவ்வளவுதான், நல்ல வீட்டுக்குக் கொடுங்கள்.

சரி, பெட்டை நாயை எப்படித் தேர்ந்தெடுப்பது? வெற்றிக் கோப்பை வாங்கிய நாயின் குட்டி என்பதற்காக மட்டும் வாங்காமல் தாயை நேரில் பாருங்கள், முடிந்தால் அதே தாயின் முந்தைய ஈத்துக் குட்டிகள் வளர்ந்து எப்படி இருக்கின்றன என்றும் பாருங்கள். சொறி, கால் வளைவு, காரணமில்லாத பயம் இருந்தால் வேண்டாம். தாய், தகப்பன் இரண்டுக்கும், இன நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் இருந்தால் உங்கள் வேலை பாதி குறையும். பரம்பரைத் தாளை வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே பாட்டன் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஊருக்குள்ளேயே ஒரே ரத்தத்தைச் சுற்றிச் சுற்றிச் சேர்த்ததுதான் இந்த இனத்துக்கு வந்த பெரிய கேடு.

சட்டப்படி நாய் இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், இது 2017-ல் வந்த மத்திய அரசு விதி. பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பருவத்துக்கு வந்ததும் உதிரப்போக்கு தொடங்கிய நாளை எழுதி வையுங்கள். பெரும்பாலும் 9 முதல் 14-ஆம் நாளுக்குள் தோதான நேரம் வரும், ஆனால் நாய்க்கு நாய் மாறும் என்பதால் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் நம்பகம். சேர்ந்ததிலிருந்து ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும். அந்த வாரம் வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஷோவுக்கு வருவோம். ராஜபாளையம் ஒருவருக்குப் பழகிய நாய், அந்நியர் கை பட்டால் பிடிக்காது. நாய்களை நிறுத்தி மதிப்பிடும் ரிங்கிலோ நடுவர் வாயைத் திறந்து பல் பார்ப்பார், முதுகைத் தடவுவார், கடுவன் என்றால் விரைகள் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டும் பார்ப்பார். இதற்கான பயிற்சி குட்டி கைக்கு வந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் குட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உதட்டைத் தூக்கிப் பல் பார்த்ததும் ஒரு துண்டு அவித்த ஈரல் கொடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு ஆரம்பித்தால் சிரமம்தான். அப்புறம் நடை: மெல்லிய கயிற்றில் உங்கள் இடப்பக்கம், இழுக்காமல், சீரான ஓட்டம். மைதானத்தில் தினமும் பத்து நிமிடம் போதும்.

நுழைவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் மைக்ரோசிப் போட்டு, கென்னல் கிளப்பில் நாயின் பதிவை முடித்துவிடுங்கள். உங்கள் நாயை நிறுத்தும் முன் சென்னையில் நடக்கும் ஷோவோ மே மாதத்து ஊட்டி ஷோவோ ஒன்றுக்கு வெறுங்கையோடு போய், நாட்டு நாய்கள் வருகிற ரிங் பக்கமே முழு நாளும் நில்லுங்கள். தோற்றவர்களிடமும் பேசுங்கள். நடுவர் எந்தக் குறையைச் சொன்னார் என்று கேட்டால் தாராளமாகச் சொல்வார்கள், அடுத்த இணையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அதுதான் உதவும்.

குட்டியை விற்கும்போது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் எந்த வயதிலும் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எழுதினால் போதாது, அப்படி வருகிற நாயைக் கட்டி வைக்க ஒரு கூண்டும் தோட்டத்தில் இடமும் எப்போதும் காலியாக இருக்கட்டும்.