ரெண்டு நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்: பழைய ஜப்பான் பைக் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மார்த்தாண்டத்தில் என் பட்டறைக்கு ரெண்டு பையன்கள் வந்தார்கள். களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் ஒரு பழைய ஹோண்டா சி.பி. 350 விலைக்கு வந்திருக்கிறது என்று போனில் படம் காட்டினார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் ஒருவன் கேட்டுவிட்டான்: "அண்ணே, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வேற வேற. வேண்டாம்னு சொல்லிரலாமா?"

எனக்குப் பதினெட்டு வருஷப் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது. இதே கேள்வியைக் கேட்டுத்தான் நான் நல்ல வண்டியை விட்டுவிட்டு மோசமான வண்டியைக் காசு கொடுத்து வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ராத்திரியில் வண்டி பார்க்காதே, குரோம் மினுக்கத்தில் மயங்காதே என்பதெல்லாம் டீக்கடையிலேயே சொல்லித் தருவார்கள், அதற்கு நான் வேண்டாம்.

ராஜ்தூத்தில் டிஸ்க் பிரேக் தேடுவது

இணையத்தில் 1973ஆம் வருஷத்து ஜப்பான் யமஹா ஆர்.டி. 350 படத்தைப் பார்த்துவிட்டு, அதன் நம்மூர்ப் பதிப்பான ராஜ்தூத் 350இன் முன்சக்கரத்தில் டிரம் பிரேக் இருப்பதைக் கண்டதும் "யாரோ மாத்திட்டாங்க" என்கிறார்கள். யாரும் மாற்றவில்லை. எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983இல் இங்கே தயாரிக்கத் தொடங்கியபோதே டிரம் வைத்துத்தான் விற்றது. டிஸ்க் போட்ட ராஜ்தூத்தைக் காட்டி "ஜப்பான் ஐட்டம்" என்று ஒருவர் கூடுதல் விலை சொன்னால், அதுதான் மாற்றப்பட்ட வண்டி. பிரேக் நன்றாகப் பிடிக்கும், ஓட்டுவதற்கு வாங்குங்கள். ஒரிஜினல் என்று நம்பிச் சேகரிப்புக்கு வாங்க வேண்டாம்.

இதே மாதிரி, யமஹா ஆர்.எக்ஸ். 100இன் கார்புரேட்டரில் மிக்குனி என்று இல்லாமல் மிக்கார்ப் என்று இருந்தால் பதறாதீர்கள். ஜப்பான் மிக்குனியின் தொழில்நுட்பத்தில் சென்னை யூகால் கம்பெனி செய்தது அது. போலி இல்லை.

ஓடோமீட்டர்

பார்க்கவே பார்க்காதீர்கள்.

ரெண்டு நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பது

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விட்டுவிட்டு வந்த சி.பி. 350 குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட வீட்டில் நின்றது. ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகைக்குள், மேலே சாக்கு போர்த்தியிருந்தார்கள். பெயின்ட் மங்கியிருந்தது, சீட் கிழிந்திருந்தது. ஆனால் ஸ்குரூ ஒன்றுகூடத் திறக்கப்படாத வண்டி. குனிந்து நம்பர் பார்த்தேன். ஹேண்டில் கழுத்தில் ஒன்று, எஞ்சினின் கிரான்க் கேஸில் இன்னொன்று. கடைசி நாலு இலக்கமும் வேறு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் மாத்தியிருக்கு, எனக்கு வேண்டாம்" என்றேன். அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "பினாங்குல இருந்து கப்பல்ல வந்து இறங்குனப்பவே இப்படித்தான் இருந்துச்சு, பிள்ளே" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது சத்தியம். ஹோண்டா அந்தக் காலத்தில் சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி வரிசையில்தான் எண் அடித்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், ஆயிரக்கணக்கில் தள்ளியும் இருக்கலாம். ஒரே எண்ணாக வருவது அபூர்வம். கவாஸாகியும் அப்படியே. இசட்1 வண்டியில் சேசிஸ் எண் இசட்1எஃப் என்றும் எஞ்சின் எண் இசட்1ஈ என்றும் தொடங்கும், இலக்கங்கள் ஒத்துப்போகாது. யமஹா ஆர்.டி. கதை வேறு. ஜப்பானிலிருந்து வந்த ஆர்.டி.யில் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை அடித்திருப்பார்கள், வேறாக இருந்தால் அங்கே சந்தேகப்படுவது நியாயம். ஆக, ஆர்.டி. வைத்திருப்பவர் சொன்ன விதியை ஹோண்டாவுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

ஹோண்டா சி.பி. 750ஐ உலகம் முழுக்க அதிக விலைக்குத் தேடுகிறவர்கள்கூட எண் ஒன்றா என்று பார்ப்பதில்லை. 1969இல் வந்த முதல் 7,414 வண்டிகளுக்கு 'சாண்ட்காஸ்ட்' என்று பெயர். உண்மையில் எஞ்சின் கேஸை உலோக அச்சில் வார்த்ததுதான், மேல்பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் மணல் வார்ப்பு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் அந்த எல்லைக்குள் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். குலசேகரத்தை விட்டு வந்து ரெண்டு மாதத்தில் கேரளத்து நெய்யாற்றின்கரைப் பக்கம் இன்னொரு சி.பி. 350 கிடைத்தது. பளபளவென்று இருந்தது. விற்றவர் டார்ச் அடித்துக் காட்டினார். "நோக்கிக்கோ சேட்டா, ரெண்டும் ஒண்ணு தன்னே!" நானும் ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருந்த வரி தண்ணீர் பட்டு மைக்கறையாகிக் கிடந்தது, அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. 72,000 ரூபாய் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

தமிழ்நாட்டுக்கு மாற்ற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கேட்டு விண்ணப்பித்தபோது பதிவேட்டைப் புரட்டினார்கள். அதில் இருந்த எஞ்சின் எண் வேறு! அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போதுதான் எஞ்சினில் தின்னர் ஊற்றித் துடைத்துப் பார்த்தேன். எண் அடிக்கும் அந்தச் சின்ன மேடையைச் சுற்றிக் கேஸ் முழுக்க வார்ப்பின் பொடிமணல் போன்ற சொரசொரப்பு இருந்தது. மேடையில் மட்டும் அது இல்லை. குறுக்காக அரத்தின் கோடுகள். மூன்று இலக்கங்கள் மட்டும் லேசாகச் சாய்ந்து, மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருந்தன. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நம்பர் பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கேவலமான தடயம், ஒரு எழுத்து. ஹோண்டாவின் எஞ்சின் எண்ணில் சி.பி. 350 என்பதை அடுத்து ஆங்கில 'ஈ' எழுத்து வரும். எஞ்சினுக்கான 'ஈ' அது. சேசிஸ் எண்ணில் அந்த எழுத்து வராது. என் வண்டியின் எஞ்சினில் 'ஈ' இல்லை. வேறு எஞ்சின் ஏற்றியவர், என்னைப் போலவே ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நம்பி, சேசிஸ் எண்ணை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடித்து வைத்திருக்கிறார். அந்த ஒன்று தெரிந்திருந்தால் டார்ச் வெளிச்சத்திலேயே திரும்பி வந்திருப்பேன். பதினாலு மாதம் அலைந்தும் காகிதம் சரியாகவில்லை. எஞ்சினைக் கழற்றி உதிரியாக விற்றேன். சேசிஸ் இன்னும் என் பட்டறைப் பரணில்தான் தொங்குகிறது.

அதனால் எண்ணைப் படிப்பதற்கு முன் அது அடிக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், உப்புத்தாள் போடாதீர்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டுங்கள், நேராக அடித்தால் கோடுகள் தெரியாது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுக்கிற மாதிரியே. வீட்டுக்கு வந்து, சந்தேகமில்லாத இன்னொரு வண்டியின் பிரிண்டோடு இலக்கத்தின் வடிவத்தை ஒப்பிடலாம். அப்புறம் பதிவு நடந்த அலுவலகத்தின் பதிவேட்டில் என்ன எண் இருக்கிறது என்று விற்பவரையே எடுத்து வரச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் பல இன்னும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது, நேரில்தான் போக வேண்டும். அதற்கு முன் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பவுடர் கோட்டிங்

நல்ல சேசிஸை வாங்கிவந்து முதல் வேலையாகப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தடிப்பில் எண்ணின் பள்ளம் நிரம்பிவிடும். நாளை விற்கப்போனால், வாங்க வருபவன் நீங்கள்தான் மறைக்கிறீர்கள் என்று நினைப்பான். எண் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி அனுப்புங்கள்.

போல்டைப் பார்க்காமல் பெயின்டைப் பார்ப்பது

பெயின்டை யாரும் அடித்துவிடலாம். போல்ட்தான் உண்மையைச் சொல்லும். ஜப்பான் வண்டிகளில் எட்டு மில்லி போல்டின் தலைக்கு 12 ஸ்பானர் போகும், பத்து மில்லி போல்டுக்கு 14. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் எட்டு மில்லி போல்டுக்கு 13, பத்துக்கு 17. எஞ்சின் மவுண்டிங்கின் எட்டு மில்லி போல்டில் 12 ஸ்பானரை வைத்துப் பாருங்கள். தலையில் இறங்காமல் 13 கேட்டால், அந்த எஞ்சின் ஒரு தடவையாவது இறங்கி ஏறியிருக்கலாம். இறங்குவது குற்றமில்லை. "கைபடாத வண்டி" என்று சொன்னவரிடம் மட்டும் அதைக் காட்டுங்கள், விலை தானாக இறங்கும்.

ஸ்டார் ஸ்குரூவிலும் ஒன்று உண்டு. ஜப்பான் ஸ்குரூவின் தலையில், சிலுவைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊசி குத்திய மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் தர அளவில் செய்த ஸ்குரூ. சாதாரண ஸ்டார் டிரைவரின் முனை அதில் முழுசாக உட்காராது, திருகினால் மேலே ஏறி வந்து பள்ளத்தைச் சிதைக்கும். கிளட்ச் கவரில் சிதைந்த ஸ்குரூக்கள் வரிசையாக இருந்தால் உள்ளே யார் கைவைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். புள்ளி உள்ள ஸ்குரூவைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு எவர்சில்வர் ஆலன் ஸ்குரூ போடும் தம்பிகளே, அதைத் தயவுசெய்து என்னிடம் கொண்டுவந்து கொடுங்கள்.

வயரிங்

டேங்கைக் கழற்றி அடியில் பாருங்கள். ஹோண்டாவில் எர்த் வயர் பச்சை, யமஹாவில் கறுப்பு, கவாஸாகியில் மஞ்சள் கோடு போட்ட கறுப்பு, சுஸுகியில் வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு. எல்லாமே சிவப்பும் கறுப்புமாக இன்சுலேஷன் டேப் சுற்றிக் கிடந்தால், அது நம்மூர் எலக்ட்ரீஷியன் கைவேலை.

ஸ்டிக்கரை வைத்து வருஷம் சொல்வது

ஸ்டிக்கர் பிரின்ட் போட்டே கிடைக்கிறது.

'விண்டேஜ்' என்ற சொல்லுக்குப் பணம் கொடுப்பது

2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸிலும் எஞ்சினிலும் மாற்றம் செய்யப்படாத வண்டிதான் விண்டேஜ். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், எண்ணில் 'வி.ஏ.' என்று வரும். தினசரி ஓட்டவோ, காசுக்கு ஓட்டவோ முடியாது. ஆக, 1983 ராஜ்தூத்தும் 1985 ஆர்.எக்ஸ். 100உம் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் இன்றைக்கு அந்தக் கணக்கில் வராது. 1972இல் பதிவான சி.பி. 350 வரும், எண்ணில் யாரும் அரம் போடாமல் இருந்தால்.

அந்தப் பையன்களைப் பென்சிலும் தாளும் கொடுத்துப் பாறசாலைக்குத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் பிரிண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எஞ்சின் எண்ணில் 'ஈ' இருந்தது. மேடையில் வார்ப்பின் சொரசொரப்பும் அப்படியே இருந்தது. இலக்கங்கள் இரண்டும் வேறு வேறு. "பதிவேட்டு நகல் வந்ததும் பேசுங்க, மக்கா" என்று பதில் போட்டேன்.