கவுன்சில் கிராண்ட்டையும் சொந்தக் காசையும் சேர்த்து வீட்டை மாத்திக் கட்டுறது எப்படி? (இங்கிலாந்துல இருக்கிறவங்களுக்கு)

எங்க அம்மாவுக்கு பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்ப கட்டிலை ஹால்லதான் போட்டோம். பாத்ரூம் மாடியில. லண்டன் டெரஸ் வீட்டுப் படி எவ்ளோ குறுகல்னு தெரியும்ல, ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டு ஏத்தவே முடியாது. பின்பக்கம் கிச்சனை நீட்டிக் கட்டணும்னு ஏற்கனவே கொஞ்சம் காசு சேர்த்து வச்சிருந்தோம், அந்த நேரத்துலதான் மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டை மாத்தி அமைக்க கவுன்சில் குடுக்கிற டிஎஃப்ஜி (Disabled Facilities Grant) கிராண்ட் பத்தி தெரிய வந்துச்சு. ரெண்டையும் ஒரே பில்டரை வச்சு ஒரே தடவையில முடிச்சோம். முதல் தடவை இறங்குறவங்களுக்காக எந்த வரிசையில போகணும்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. டிஎஃப்ஜி 1996ஆம் வருஷ சட்டத்துல இருக்கு, தகுதி இருந்தா கவுன்சில் குடுத்தே ஆகணும், தயங்கித் தயங்கி கேக்க வேண்டிய விஷயமே இல்ல. இங்கிலாந்துல உச்சவரம்பு 30,000 பவுண்ட், வேல்ஸ்ல 36,000. ஸ்காட்லாந்துல முறையே வேற.

ஸ்டெப் 1: யாரோட வருமானத்தைப் பாப்பாங்க?

நம்ம ஆளுங்க நிறைய பேர் இங்கயே நின்னுடுறாங்க, "எனக்கு நல்ல சம்பளம், நமக்கெல்லாம் தர மாட்டாங்க"ன்னு அப்ளை பண்றதே இல்ல. மீன்ஸ் டெஸ்ட், அதாவது வருமானமும் சேமிப்பும் எவ்ளோன்னு பாக்குறது, யாருக்காக வேலை நடக்குதோ அவங்களுக்கும் அவங்க கணவன் அல்லது மனைவிக்கும் மட்டும்தான். அம்மா மகன் வீட்டுல இருந்தா வீட்டு ஓனர்ங்கிற முறையில மகன் அப்ளை பண்ணலாம், ஆனா மகன், மருமகள் சம்பளம் கணக்குல வராது. அம்மாவோட பென்ஷன், 6,000 பவுண்டுக்கு மேல உள்ள சேமிப்பு, இதைத்தான் பாப்பாங்க. குழந்தைக்காகன்னா மீன்ஸ் டெஸ்ட்டே கிடையாது. உங்க அம்மா அப்பாவுக்காக இதைப் படிக்கிறீங்கன்னா தயவுசெஞ்சு இந்த ஒரு பாராவுக்காகவாவது இன்னைக்கே கவுன்சிலுக்கு போன் பண்ணுங்க.

ஸ்டெப் 2: ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வர்ற நாள்

கவுன்சில்ல சோஷியல் கேர் பிரிவுக்கு போன் பண்ணி அசெஸ்மென்ட் வேணும்னு கேளுங்க. தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பாத்து என்ன தேவைன்னு எழுதுவாங்க, பின்னாடி எல்லாமே அந்த ரிப்போர்ட்டை வச்சுதான் நடக்கும். அன்னைக்கு நம்ம அம்மாக்கள் என்ன பண்ணுவாங்கன்னா, வந்தவங்களுக்கு டீ போட எழுந்திரிக்கப் பாப்பாங்க, "பரவால்ல, நான் சமாளிச்சுக்குவேன்"னு சொல்லுவாங்க. முந்தின நாளே உக்காந்து பேசிடுங்க. ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கணும், யார் தூக்குறாங்க, எத்தனை தடவை விழுந்தாங்க, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி குடுங்க.

நீங்க சொந்தக் காசுல எக்ஸ்டென்ஷன் யோசிக்கிறீங்கன்னும் அன்னைக்கே சொல்லிடுங்க. பின்னாடி சொன்னா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டெப் 3: கவுன்சில் ஸ்கீம் ஒண்ணு, உங்க ஸ்கீம் ஒண்ணு

இதை மட்டும் நிதானமா படிங்க. கவுன்சில் ரெண்டு கேள்வி கேக்கும். இந்த வேலை அவங்களுக்கு அவசியமா, பொருத்தமானதா? இந்த வீட்டுல இதை நியாயமா செய்ய முடியுமா? அந்த தேவையை எது குறைஞ்ச செலவுல தீர்க்குதோ அதுக்குத்தான் பணம். நமக்கு அதைவிட பெருசா, நல்லா வேணும்னா, அந்த தேவையும் அதுல தீருதுன்னா, கவுன்சில் ஸ்கீமுக்கு ஆகுற தொகையை நம்ம ஸ்கீமுக்கு குடுப்பாங்க, மிச்சம் நம்ம பாக்கெட்ல இருந்து.

ஒரு உதாரணக் கணக்கு. இருக்கிற டைனிங் ரூமையே பெட்ரூமும் வெட் ரூமுமா (தடுப்பு இல்லாம ஒரே மட்டமா தரை உள்ள குளியலறை) மாத்த 27,000 பவுண்ட் ஆகும்னு கவுன்சில் சொல்லுது. மீன்ஸ் டெஸ்ட்ல அம்மாவோட பங்கு 3,000ன்னு வருது. அப்போ கிராண்ட் 24,000. உங்க எக்ஸ்டென்ஷன் மொத்தம் 85,000ன்னா நீங்க போடுறது 61,000.

இன்னொரு நிலைமை, வீடு ரொம்ப சின்னது, உள்ளயே மாத்த வழியில்ல, எக்ஸ்டென்ஷன்தான் ஒரே வழின்னு கவுன்சிலே ஒத்துக்குது. அப்போ பொதுவான வேலையை பிரிக்கணும். அஸ்திவாரம் ஒண்ணு, கூரை ஒண்ணு, ஆனா அது மேல அம்மாவோட ரூமும் இருக்கு, உங்க கிச்சனும் இருக்கு. மொத்தம் 24 சதுர மீட்டர்ல அம்மாவோட பகுதி 15ன்னு வைங்க. அஸ்திவாரம், சுவர், கூரை எல்லாம் 32,000ன்னா பரப்பளவு விகிதத்துல 20,000 கிராண்ட் பக்கம், 12,000 உங்க பக்கம். வெட் ரூம் உள்வேலை 9,000ம் முழுசா கிராண்ட் பக்கம். கிச்சன் கப்போர்டு, டைல்ஸ் முழுசா உங்களுது. எந்த விகிதம்னு கிராண்ட் ஆபீசர்கிட்ட முதல்லயே பேசி ஈமெயில்ல ஒத்துக்க வைங்க. வாய்வார்த்தையை நம்பாதீங்க, நடுவுல ஆபீசர் மாறிட்டா அந்த பேச்சு போச்சு.

ஸ்டெப் 4: குவோட் வாங்குறது

பொதுவா ரெண்டு பில்டர்கிட்ட கேப்பாங்க. ஒவ்வொருத்தரும் ரெண்டு பாகமா பிரிச்சு தரணும், பாகம் ஒண்ணு கிராண்ட் வேலை, பாகம் ரெண்டு உங்க வேலை. "எக்ஸ்டென்ஷன், மொத்தம் 85,000"ன்னு ஒத்தை வரியில வந்தா திருப்பி அனுப்பிடுங்க. குவோட் குடுத்த பில்டர்தான் வேலையும் செய்யணும். மச்சான் பில்டரா இருந்தா கவனம், குடும்பத்து ஆள் தர்ற இன்வாய்ஸ் கிராண்ட்டுக்கு செல்லாது.

வாட் வரியையும் இங்கயே பாத்துக்கோங்க. மாற்றுத்திறனாளிக்காக ரேம்ப் போடுறது, கதவை அகலப்படுத்துறது, அவங்க உடல்நிலைக்காக பாத்ரூம் அமைக்கிறது, வீட்டுக்குள்ள லிஃப்ட் வைக்கிறது, இதுக்கெல்லாம் வாட் பூஜ்யம். பெட்ரூம் கட்டுறதுக்கு அந்த சலுகை இல்ல, கிச்சனுக்கும் இல்ல, அதுக்கு 20 சதவீதம் உண்டு. பில்டர் பில் போடுறதுக்கு முன்னாடியே இந்த வாட் சலுகைக்கு தகுதி இருக்குன்னு ஒரு டிக்ளரேஷனை கையெழுத்து போட்டு குடுத்துடணும். குவோட்ல இதுவும் தனித்தனியா தெரியணும்.

ட்ராயிங் போட்ட ஆளோட ஃபீஸ்ல கிராண்ட் வேலைக்கான பங்கையும் கிராண்ட்ல சேர்க்கலாம், கேளுங்க.

ஸ்டெப் 5: அப்ரூவல் லெட்டர் கையில வர்ற வரைக்கும் கடப்பாரை எடுக்காதீங்க

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், பில்டர் ஃப்ரீயா இருக்காருன்னு பின்சுவரை இடிச்சுட்டாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அது "நம்ம கிச்சன் பக்கம்". ஆனா அந்த சுவர் ரெண்டு பக்கத்துக்கும் பொது, கிராண்ட் போயிடுச்சு. அப்ரூவலுக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலைக்கு தகுந்த காரணம் இல்லாம கவுன்சில் கிராண்ட் தரக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, முடிச்சுட்டா சுத்தமா கிடையாது. அதைக் கேட்டப்ப ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அந்த பெரியவர் அப்பவும் பக்கெட்ல தண்ணி வச்சுதான் குளிச்சுக்கிட்டு இருந்தார்.

முழு அப்ளிகேஷன் குடுத்த நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள கவுன்சில் முடிவு சொல்லணும். குடுத்த தேதியை எழுதி வச்சுக்கோங்க, தாண்டினா அந்த தேதியைச் சொல்லி கேளுங்க. காத்திருக்கிற நேரத்துல பிளானிங் பர்மிஷன் வேணுமான்னு பாருங்க, மாற்றுத்திறனாளிக்கான வேலைன்னா பிளானிங் ஃபீஸ் விலக்கு உண்டு. பக்கத்து வீட்டோட பொதுச்சுவரைத் தொடுறீங்கன்னா பார்ட்டி வால் நோட்டீஸ் 2 மாசம் முன்னாடி குடுக்கணும், அது இந்த காத்திருப்புக்குள்ளயே முடிஞ்சுடும்.

ஸ்டெப் 6: வேலை நடக்கும்போது

அப்ரூவல் வந்து 12 மாசத்துக்குள்ள முடிக்கணும். இன்வாய்ஸ் எப்பவும் ரெண்டு. பாதியில "இந்த டைல் வேணாம், அது வேணும்"னு கிராண்ட் பக்கத்துல கை வைக்காதீங்க, மாத்தணும்னா முதல்ல ஆபீசருக்கு எழுதுங்க. தோண்டும்போது பழைய கழிவுநீர் பைப் மாதிரி எதிர்பாராதது வந்தா, அதனால செலவு கூடினா, உச்சவரம்புக்குள்ள தொகையை திருத்தித் தரச்சொல்லி கேக்க முடியும். ஆனா மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து கேக்கணும்.

வேலை முடியுறதுக்கு முன்னாடி கிராண்ட்ல அதிகபட்சம் பத்துல ஒன்பது பங்குதான் தருவாங்க. அதனால பில்டர் வாரா வாரம் காசு கேக்குறவரா, கவுன்சில் பணம் வர்ற வரைக்கும் பொறுப்பாரான்னு முன்னாடியே பேசிடுங்க.

சொந்தக் காசு போடுறதால சில விஷயத்தை இப்பவே செஞ்சுக்கலாம். அம்மா ரூம் சீலிங் கட்டையை ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கி நகர்த்துற மெஷின்) தாங்குற மாதிரி பலமா போடச் சொன்னோம், இப்ப தேவையில்லதான், பின்னாடி வந்தா கூரையை உடைக்க வேணாம். வீல்சேர் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் விட்டோம், புது கிச்சனுக்கும் அம்மா ரூமுக்கும் நடுவுல வாசப்படியே இல்லாம ஒரே மட்டமா தரை போட்டோம். இப்ப அம்மா அவங்களாவே வீல்சேரைத் தள்ளிக்கிட்டு கிச்சனுக்கு வந்து கீரை ஆய்ஞ்சு குடுக்கிறாங்க.

ஸ்டெப் 7: முடிஞ்சப்புறம்

கவுன்சில் டாக்ஸ்ல ஊனமுற்றோர் பேண்ட் (வரி எவ்ளோன்னு சொல்ற படிநிலை) குறைப்புக்கு அப்ளை பண்ணுங்க, அவங்களுக்குன்னு தேவைப்படுற ரூமோ ரெண்டாவது பாத்ரூமோ வீல்சேருக்கான இடமோ இருந்தா ஒரு பேண்ட் கீழ போகும். கேட்டாத்தான் தருவாங்க. அப்புறம், ஓனரா கிராண்ட் வாங்கி தொகை 5,000 பவுண்டுக்கு மேல போச்சுன்னா, 10 வருஷத்துக்குள்ள வீட்டை வித்தா 10,000 பவுண்ட் வரைக்கும் திருப்பிக் கேக்க கவுன்சிலுக்கு உரிமை இருக்கு. அதனால அப்ரூவல் லெட்டர், விகிதம் ஒத்துக்கிட்ட ஈமெயில், ரெண்டு செட் இன்வாய்ஸ், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அந்த 10 வருஷமும் பத்திரமா வைங்க.