ஆச்சி சரி என்று சொன்னால் மட்டும் போதாது: விக்கிப்பீடியாவில் செட்டிநாட்டைப் பற்றி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவை, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் கொண்ட பகுதியை, பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவுக்கு ஒரு படம் கிடைத்தது. நல்ல மழை, நாலு பக்கத் தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டுகிறது, ஓரமாக வரிசையாக வைத்த பித்தளை அண்டாக்கள் நிறைந்து வழிகின்றன. வீட்டு ஆச்சியிடம் கேட்டோம். "தாராளமாப் போடுங்கப்பா, நம்ம வீடுதானே" என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, 'சொந்தப் படைப்பு' என்று குறித்துவிட்டோம். சில நாளில் நீக்கச் சொல்லிக் குறிப்பு வந்தது: படம் சின்ன அளவில் இருக்கிறது, கேமரா விவரம் ஒன்றும் இல்லை, எடுத்தவர் யார்? எடுத்தவர் ஆச்சியின் தம்பி மகன், சிங்கப்பூரில் இருக்கிறார். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. வீடு யாருடையது, படத்தில் இருப்பவர் யார், படம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் வேறு. படத்தின் பதிப்புரிமை வேறு. பொதுவாக அது படம் எடுத்தவருக்குத்தான். ஆச்சியின் சம்மதம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒருவர் வீட்டுக்குள் போய் எடுத்த படத்தை உலகத்துக்கே காட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்பதுதான் மரியாதை. ஆனால் அந்தச் சம்மதம் எடுத்தவரின் அனுமதிக்கு ஈடாகாது.

இதில் ஒரு விலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. இந்தியச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அப்பத்தா கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த படம் அப்படிப்பட்டது. சரி, வரவழைத்த ஐயா இறந்துவிட்டார், உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கும். வாரிசுகள் எத்தனை பேர்? ஒரே வீட்டுக்கு இருபது பங்காளிகள் இருக்கிற ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஒருவர் தலையாட்டியதை எல்லோருடைய அனுமதியாகவும் எடுத்துக்கொண்டு படத்தை ஏற்றிவிடாதீர்கள்.

"பழைய படம்தானே" என்பது அடுத்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1957-இல் மறைந்தார், அதனால் அவருடைய ஓவியத்தைத் தாராளமாகப் போடலாம் என்று ஒருவர் வாதாடினார். ஓவியத்தில் இருப்பவர் மறைந்த ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வரைந்தவர் மறைந்த ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் இந்தியாவில் படைத்தவர் மறைந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் மறைந்தது 1981-இல். அப்படியென்றால் அவர் தம் பெயரில் வெளியிட்ட கவிதைகளுக்கு 2041 முடியும்வரை காப்பு இருக்கிறது. இரண்டு வரி மேற்கோள் காட்டலாம், கவிதை முழுவதையும் கட்டுரையில் ஒட்டக் கூடாது. மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், கோயிலில் விற்கிற தலபுராணப் புத்தகம் இவற்றிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போடுவதும் இதே கதைதான். நம் ஊர்க் கோயில், நம் ஊர் மலர் என்ற உரிமையில் செய்கிறார்கள். தகவலை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள், மலரைச் சான்றாகக் காட்டுங்கள்.

கட்டடத்தை எடுப்பதில் சிக்கல் இல்லை. கட்டடங்களைப் படமெடுத்து வெளியிடவும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற சிலைகளைப் படமெடுத்து வெளியிடவும் நம் சட்டம் இடம் தருகிறது. முகப்பையோ கோபுரத்தையோ நீங்களே எடுத்தால் துணிந்து ஏற்றலாம். அதே சலுகை சுவரில் புதிதாக வரைந்த ஓவியத்துக்கோ, பேனருக்கோ, சுற்றுலாத் தகவல் பலகையில் இருக்கிற எழுத்துக்கோ கிடையாது.

அப்புறம் அனுமதி கேட்கிற விதம். "விக்கிப்பீடியாவில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எழுதி வாங்குகிறார்கள், அது செல்லாது. "வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது" என்ற நிபந்தனையும் செல்லாது. யாரும், எதற்கும், பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற உரிமம் வேண்டும். பெரும்பாலும் அது கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 (CC BY-SA 4.0) என்கிற பொது உரிமம். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நாளைக்கு ஒரு ஓட்டல்காரர் இந்தப் படத்தைக் காலண்டரில் அச்சடித்து விற்கலாம், அப்போது திரும்பப் பெற முடியாது என்பதைப் படம் தருகிறவர் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டுச் சிலர் தரமாட்டேன் என்பார்கள். தரவேண்டாம், அது அவர்கள் உரிமை.

சம்மதித்தால், அவரே தம் மின்னஞ்சலிலிருந்து கோப்பின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட்டுப் பொதுவகத்தின் அனுமதி முகவரிக்கு எழுத வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது உதவாது. படத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, எடுத்த நாளும் கேமரா விவரமும் போய்விடுகின்றன. மூலக்கோப்பை மின்னஞ்சலிலோ டிரைவிலோ கேளுங்கள். எல்லாவற்றையும்விட எளிது, எடுத்தவரையே கணக்குத் தொடங்கி ஏற்றச் சொல்வது. ஒரே கணக்கைக் குழுவே பகிர்ந்துகொள்வது மட்டும் கூடாது, அது விதிக்குப் புறம்பு.

கட்டுரைப் பக்கம் வந்தால், சான்றில்தான் அதிகம் வழுக்குகிறோம். "செட்டிநாடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன, அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் இருப்பது பெருமைதான், ஆனால் களமாக அறிவிப்பது வேறு கட்டம். இதைத் திருத்தினால், ஒரு சுற்றுலாத் தளத்தைச் சான்றாகக் காட்டி மறுபடி மாற்றுகிறார்கள். அந்தத் தளமே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக இருக்கும்! நாம் எழுதிய பிழை ஊர் சுற்றி நமக்கே சான்றாக வந்து நிற்கிறது. சான்றாக வைக்கும் பக்கத்தின் தேதியையும், அதில் இருக்கிற வாக்கியம் நம் கட்டுரையின் வாக்கியம்போலவே இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பாருங்கள்.

சேர்ந்து வேலை செய்வதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். முடிவுகளை வாட்ஸ்அப் குழுவில் எடுக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல்லுக்கு (செட்டிநாட்டு வீடுகளில் பதிக்கிற பூவேலைத் தரைக்கல்) தனிக் கட்டுரை வேண்டுமா, செட்டிநாட்டுக் கட்டடக்கலைக்குள் ஒரு பகுதி போதுமா என்று நாங்கள் இரவெல்லாம் குழுவில் பேசி முடிவெடுத்தோம். மறுநாள் குழுவில் இல்லாத ஒரு பயனர், காரணம் தெரியாமல், நாங்கள் சேர்த்ததையெல்லாம் பழைய நிலைக்குத் திருப்பினார். எங்களில் ஒருவர் அதைத் திரும்ப மாற்ற, அவர் மறுபடி திருப்ப, மூன்று நாள் வீண். தப்பு அவருடையது இல்லை. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தால், கட்டுரையில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன, ஏன் என்று ஒரு வரிச் சுருக்கம் போட்டிருந்தால், அவரே எங்களோடு சேர்ந்து எழுதியிருப்பார். இப்போது சேர்ந்துதான் எழுதுகிறார், கல்லின் பூவேலை கண்ணாடித் தட்டின் மேல் எப்படி வார்க்கப்படுகிறது என்ற பத்தி அவருடையது.

படம் நீக்கப்பட்டுவிட்டால் வேறு பெயரில் அதையே திரும்ப ஏற்றாதீர்கள், கணக்கையே தடுத்துவிட வாய்ப்பு உண்டு. நீக்கிய கோப்பு நம் கண்ணுக்குத்தான் தெரியாது, நிருவாகிகளால் மீட்க முடியும். எங்கள் அண்டாப் படத்தை எடுத்த, சிங்கப்பூரில் இருக்கிற ஆச்சியின் தம்பி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அனுமதி மடலை அனுப்பினார். அதைச் சரிபார்த்த பிறகு, பழைய கோப்பே பழைய பெயரில் திரும்பி வந்தது. கையோடு மூலக்கோப்பையும் வாங்கி அதன்மேல் ஏற்றினோம், இப்போது பெரிதாக்கினால் அண்டாவின் கழுத்தில் வெட்டியிருக்கிற பெயரெழுத்துகளைக்கூடப் படிக்க முடிகிறது.