மழையும் பனியும் சேர்ந்து வரும்போது

குளிர்கால முன்னறிவிப்பில் 'மழை, பிறகு பனி' என்று இருந்தால், பகல் வெப்பநிலையோடு நிறுத்தாமல் இரவில் எவ்வளவு இறங்கும் என்றும் பாருங்கள். பெய்த மழை 0 டிகிரிக்குக் கீழே போனதும் கண்ணுக்கே தெரியாத பனிக்கட்டியாகச் சாலையில் படிந்துவிடும். பனியை விட எனக்கு இதுதான் பயம். முன்னறிவிப்பில் 2, 3 டிகிரி என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அது தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்துக் காற்றின் அளவு. தெளிந்த இரவில் தரை அதற்கு முன்பே உறைந்துவிடும். பாலங்கள் அடியிலும் குளிர்வதால் முதலில் உறையும், அங்கே மெதுவாகப் போங்கள்.

அப்புறம் காற்று. மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு மைனஸ் 13 போல இருக்கும். காதையும் விரல்களையும் மூடிக்கொள்ளுங்கள்.